மாடியில் சோலார்: 2 கிலோவாட்டா, 3-ஆ, 5-ஆ? பட்டுக்கோட்டை வீட்டுக்கு ஆலோசனை தேவை

டெல்டாவாசி:

வணக்கம். பட்டுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் சோலார் போடலாமா என்று பேச்சு நடக்கிறது. விவரங்கள்:

கீழ்வீடு ஒரு சர்வீஸ், சிங்கிள் ஃபேஸ். கடைசி ஆறு பில்லில் யூனிட்: 650, 850, 1130, 1080, 960, 730. சராசரி 900. வருஷத்துக்கு 35,000 ரூபாய்க்கு மேல் போகிறது. இரண்டு ஏசி, நான்கு பழைய மின்விசிறி, ஒரு அரை எச்.பி. மோட்டார். மாடி வீட்டில் தம்பி குடும்பம், தனி சர்வீஸ், இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் வரும்.

கீழ்வீட்டு இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது.

மொட்டை மாடி 900 சதுர அடி, தட்டு ஓடு பதித்தது. தென்கிழக்கு மூலையில் மாடிப்படி அறை, அதன் மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு.

வந்த விலை, மானியம் கழிக்காமல்: 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 1,95,000, 5 கிலோவாட் 2,95,000. ஐந்து போடச் சொல்பவர், "இரண்டு சர்வீஸையும் ஒன்றாக்கிவிடுங்கள், பில்லே வராது" என்கிறார். எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் போட்டால் கீழே துணி உலர்த்தலாம், வடகம் காயவைக்கலாம், அதற்கு 25,000 கூடுதல் என்கிறார்கள். எதை எடுப்பது? போடத்தான் வேண்டுமா?

---

கணக்குப்பிள்ளை:

ஆறு பில்லையும் போட்டது நல்லது. "எனக்கு மாதம் மூவாயிரம் வருகிறது, எத்தனை கிலோவாட் வேண்டும்" என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. சோலார் யூனிட் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். அதனால் முதல் கிலோவாட் தரும் லாபம் வேறு, மூன்றாவது கிலோவாட் தரும் லாபம் வேறு. விற்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே சராசரியில் காட்டுவார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புக்கு நாம் கட்டும் விலை: 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, அடுத்த 100-க்கு 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.70. பிறகு 501–600-க்கு 8.40, 601–800-க்கு 9.45, 801–1000-க்கு 10.50, அதற்கு மேல் 11.55. 2025 ஜூலையில் கட்டணம் கூடியபோது வீட்டு இணைப்புக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

நம் பக்கம் நிழலில்லாத மாடியில் 1 கிலோவாட், வருஷச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 900-க்கு இதைப் போட்டுப் பார்ப்போம்.

சோலார் இல்லாமல் 5,820 ரூபாய்.
1 கிலோவாட் போட்டால் 660 யூனிட், 3,447 ரூபாய்.
2 போட்டால் 420 யூனிட், 1,301 ரூபாய்.
3 போட்டால் 180 யூனிட், 188 ரூபாய்.
4 போட்டால் பூஜ்யம்.

முதல் கிலோவாட் வருஷத்துக்கு 14,200 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது 12,900. மூன்றாவது 6,700 மட்டும். நான்காவதில் வெறும் 1,130! ஐந்தாவது உங்களுக்கு எதுவுமே செய்யாது.

இப்போது முதலீட்டுப் பக்கம். மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டமான பிஎம் சூர்யா கரில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதிகபட்சம் 78,000; ஐந்து போட்டாலும் அதேதான். ஆக உங்கள் கைக்காசு 2-க்கு 80,000, 3-க்கு 1,17,000, 5-க்கு 2,17,000. இரண்டு கிலோவாட் மூன்று வருஷத்துக்குள் போட்ட பணத்தைத் திருப்பிவிடும். மூன்று கிலோவாட்டுக்கு மொத்தமாகப் பார்த்தால் மூன்றரை வருஷம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டை மட்டும் தனியாகப் பிரித்தால் 37,000 போட்டு வருஷம் 6,700, ஐந்தரை வருஷம். அதுவும் மோசமில்லை.

இரண்டு சர்வீஸையும் ஒன்றாக்குவது மட்டும் கூடவே கூடாது. தம்பி வீட்டு 320 யூனிட்டுக்கு இன்று 799 ரூபாய்தான் வருகிறது. கீழ்வீட்டில் 3 போட்டு, தம்பியின் சர்வீஸை அப்படியே விட்டால் இரண்டும் சேர்த்து 987 ரூபாய் கட்டுவீர்கள். அந்த 987-ஐ ஒழிக்க இன்னொரு லட்சம் போடச் சொல்கிறார்கள். வருஷத்துக்கு 5,900 மிச்சம், 17 வருஷம் ஆகும். அதோடு ஒரு 100 யூனிட் இலவசமும் கையை விட்டுப் போகும். 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸுக்கு மாறும் செலவு தனி.

மிஞ்சும் மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள். கழிப்பதற்குத்தான் சோலார், விற்பதற்கல்ல.

---

காவிரிக்கரை:

கணக்கு சரி. ஆனால் வரிசை மாற வேண்டும். சோலாருக்கு முன்னால் அந்த நான்கு பழைய மின்விசிறியை மாற்றுங்கள்.

பழைய விசிறி முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறி 28 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட் மிச்சம், நான்குக்கு 168. உங்கள் 900 அப்படியே 732-க்கு இறங்கும். பில் 5,820-லிருந்து 4,127. விசிறி ஒன்று 3,000 என்று வைத்தால் 12,000 ரூபாய். வருஷத்தில் 10,000 மிச்சம். எந்தப் பேனலும் இவ்வளவு வேகமாகப் பணத்தைத் திருப்பாது.

அதன்பின் 2 கிலோவாட் போட்டால் 252 யூனிட் நிற்கும், பில் 480 ரூபாய். ஆக 92,000-க்குள் முடிகிறது. 1,17,000 போட்டு 188-க்கு வருவதற்கும் இதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் இல்லை. பிஎல்டிசி வாங்கும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓடினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பழுதாகும்.

---

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன், விசிறிதான் முதலில். மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணமோ மூன்றாவது ஏசியோ இருந்தால் மட்டும் 3-க்குப் போகலாம். ஸ்கூட்டர் நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 60.

"இப்போது 2, பிறகு ஒரு கிலோவாட் சேர்த்துக்கொள்ளலாம்" என்பது சொல்லச் சுலபம். நான்கு வருஷம் கழித்து அதே 540 வாட் பேனல் கடையில் இருக்காது. தொடராக இணைத்த பேனல்களில் எது குறைந்த ஆம்பியர் தருகிறதோ அதுதான் மொத்த வரிசைக்கும் அளவு. முடிவை ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

---

மொட்டைமாடி:

கட்டுமானப் பக்கம் சொல்கிறேன்.

540 வாட் பேனல் ஒன்று கிட்டத்தட்ட ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ. 2 கிலோவாட்டுக்கு நான்கு, 3-க்கு ஆறு. பேனல் அடைக்கும் இடம் ஆறுக்கும் சேர்த்து 170 சதுர அடிக்குள்தான். நடந்து துடைக்க வழி விட்டால் 300. உங்கள் மாடியில் இடம் தாராளம். நிழல்தான் பிரச்சினை.

அட்சரேகை பத்தரை டிகிரியில் இருக்கும் பட்டுக்கோட்டையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளைச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் பேனலைத் துல்லியமாகத் தெற்கு பார்த்து வைத்தே ஆக வேண்டும் என்று பதற வேண்டாம். 10 டிகிரி சரிவில் தெற்கு. இடம் அமையாவிட்டால் கிழக்கு-மேற்கு கூடப் பரவாயில்லை, கொஞ்சம்தான் குறையும். சரிவு 5 டிகிரிக்குக் கீழே போனால் மழைநீர் வடியாமல் கீழ் ஓரத்தில் சேறு கட்டும். அதுதான் கெடுதல்.

டிசம்பர் நிழலைக் கணக்கிட டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். அப்போது உச்சி வேளை நிழல், பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். காலை 9 மணிக்கு ஒன்றரை மடங்கு நீளம், வடமேற்கே. உங்கள் மாடிப்படி அறையும் தொட்டியும் சேர்ந்து 12 அடி என்றால் காலையில் 18 அடி நிழல். அதில் மேற்கே மட்டும் 14 அடி. ஆகவே அறைக்கு நேர் வடக்கிலும், வடமேற்கில் 14 அடிக்குள்ளும் பேனல் வேண்டாம். தென்மேற்குப் பக்கம்தான் இடம். ஆனால் அங்கே தென்னை. சாயங்காலம் மூன்றரை மணிக்குப் பிறகு விழும் நிழலால் பெரிய நஷ்டமில்லை. மட்டையும் காயும் விழும் தூரத்துக்குள் பேனல் இருப்பதுதான் ஆபத்து. மரத்தின் உச்சியிலிருந்து நேர்கீழே கண்ணால் கோடிழுத்து, அங்கிருந்து பத்தடி தள்ளி முதல் பேனலை வையுங்கள்.

எட்டடி ஸ்ட்ரக்சரை உங்கள் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 144 கிலோமீட்டர் காற்றில் ஒரே ஒரு பேனலை மேலே தூக்கும் விசை தோராயமாக 250 கிலோ. ஆறு பேனலுக்கு ஒன்றரை டன். ஓர் அடிக் கான்கிரீட் கட்டை ஒன்று 68 கிலோதான். "கட்டை மேல் சும்மா வைத்தாலே போதும்" என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. தாழ்வான ஸ்ட்ரக்சர், முன்பக்கம் ஒன்றரை அடி உயரம், அடியில் துடைப்பம் போகும் அளவு இடைவெளி. வடகத்துக்கு மீதி 600 சதுர அடி இருக்கிறதே.

மாடியில் போல்ட் அடிக்கும் விஷயத்தைத்தான் அருகே நின்று பார்க்க வேண்டும். மேலே ஓடு, அதன் கீழே சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி மூன்று நான்கு அங்குலம், அதற்கும் கீழேதான் கான்கிரீட். நான்கு அங்குல போல்ட்டை ஓட்டின் மேலிருந்து அடித்தால் அது ஜல்லியோடு நின்றுவிடும், பிடிமானமே இருக்காது. மழைநீர் மட்டும் அந்த ஓட்டை வழியே இறங்கும். அடுத்த ஐப்பசியில் ஹால் சீலிங்கில் வட்டமாக ஈரம் தெரியும்.

சரியான முறை: கால் வரும் இடத்தில் ஓட்டையும் ஜல்லியையும் ஓர் அடிச் சதுரத்துக்கு வெட்டி எடுத்து, கான்கிரீட்டைத் தொட வேண்டும். அதில் 12 மி.மீ. கம்பியைக் கெமிக்கல் ஆங்கர் பசை கொண்டு நட வேண்டும். துளைத்த தூசியை ஊதி வெளியேற்றாமல் பசை ஊற்றினால் கம்பி பிடிக்காது. இதை அவசரத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அதன் மேல் கட்டை வார்த்து, சுற்றிலும் நீர்க்காப்புப் பூச்சு பூசி, ஓட்டு விளிம்பை மூட வேண்டும். முடிந்தவரை பீம் போகும் கோட்டிலேயே கால்கள் வரட்டும். மறுநாள் கட்டையைச் சுற்றித் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் பாருங்கள். கடைசிப் பணம் அதற்குப் பிறகு.

ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்ததா, பூச்சு 80 மைக்ரானா என்று கேளுங்கள். அங்கே வெட்டி வெல்டிங் வைத்து வெள்ளி பெயின்ட் அடித்தால் கடல் காற்றில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். போல்ட்டு நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, எஸ்எஸ் 304.

---

டெல்டாவாசி:

மிக்க நன்றி. ஸ்ட்ரக்சர் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். இரண்டு சந்தேகம். எங்களிடம் ஏற்கெனவே பேட்டரி வைத்த யுபிஎஸ் இருக்கிறது. கரண்ட் போனால் பகலில் சோலாரில் ஓடுமா? இணைப்பு அப்பா பெயரில் இருப்பதால் மானியத்துக்குச் சிக்கல் வருமா?

---

மின்பணி_திருச்சி:

ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது என்றால், கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிருக்கான பாதுகாப்பு அது. மின்வெட்டுக்கு உங்கள் பழைய யுபிஎஸ் வழக்கம்போல் ஓடும், அது போதும். பேட்டரியோடும் இணையும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கும் மானியம் உண்டு, ஆனால் பேட்டரிக்கு இல்லை. பேட்டரி விலையைச் சேர்த்தால் மேலே நண்பர் போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். பேனலின் டிசி (நேர்) மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி (மாறு) மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரின் ஏசி வயர் மெயின் போர்டில், யுபிஎஸ்ஸுக்கு முன்னால் சேர வேண்டும். யுபிஎஸ் அவுட்புட் போகும் லைனில் கொடுத்துவிட்டால், கரண்ட் போனபின் யுபிஎஸ் தரும் மின்சாரத்தை ஈபி என்று நினைத்து சோலார் மறுபடி ஓட ஆரம்பிக்கும். உபரி மின்சாரம் யுபிஎஸ்ஸுக்குள் திரும்பி அதை எரித்துவிடும்.

மாடியிலிருந்து மீட்டர் வரை வயர் தடிமனில் மிச்சம் பிடிக்க விடாதீர்கள். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) போட்டால் வயரிலேயே ஏறக்குறைய 6 வோல்ட் கூடிவிடும். 6 ஸ்கொயரில் இரண்டரைக்குள் நிற்கும். உங்கள் தெருவில் மத்தியானம் வோல்டேஜ் ஏற்கெனவே 245, 250 என்று நின்றால் அந்த 6 வோல்ட்தான் இன்வெர்ட்டரை வரம்புக்கு மேலே தள்ளி நிறுத்தும். நல்ல வெயில் நேரத்தில் அரை மணிக்கொரு தடவை நின்று நின்று ஓடும், பேனல்மேல் பழி விழும். இப்போதே ஒரு வாரம், காலை 11 முதல் 2 மணி வரை மீட்டர் போர்டில் வோல்டேஜ் பார்த்துக் குறித்து வையுங்கள்.

டிசி பக்கம் ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் வரை வரும். தொட்டால் விடாது. 4 ஸ்கொயர் சோலார் கேபிள்தான் போட வேண்டும். சாதாரண வீட்டு வயர் வெயிலில் இரண்டு வருஷத்தில் வெடிக்கும். மாடியில் தீப்பிடித்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்தான் காரணம். பேனலோடு வருவது ஒரு கம்பெனி, கேபிளில் மாட்டுவது வேறு கம்பெனி. பார்க்கப் பொருந்தும், ஆனால் உள்ளே முழுத் தொடுகை இருக்காது. அதைவிட மோசம், கனெக்டர் முனையைக் கேபிளோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் இல்லாமல் கொரட்டால் நசுக்குவது. வேலை நடக்கும்போது அந்த டூல் பையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கனெக்டர் ஓட்டில் கிடக்கக் கூடாது. ஸ்ட்ரக்சரின் அடியில் கட்டித் தொங்க வேண்டும், தண்ணீர் தேங்காமல்.

எர்த் மூன்று குழி: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கும் டிசி பக்கத்துக்கும் ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று. இடிதாங்கியை மற்றதோடு ஒரே குழியில் இறக்குவது செலவு மிச்சம் பிடிக்கும் வேலை. இடி விழுந்தால் இன்வெர்ட்டர் போகும். எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரை மாடியில் வெயிலில் மாட்டாதீர்கள். படிக்கட்டு நிழல் சுவர், காற்றோட்டம், அது போதும்.

---

காவிரிக்கரை:

பெயர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். சிக்கல் வரும். மின் இணைப்பு, விண்ணப்பம், மானியம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். அதனால் சோலாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடியுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்து வரி ரசீது ஆகியவை கையில் இருக்கட்டும். அம்மா பெயருக்கு மாற்றுவதே நல்லது. தம்பியும் வாரிசு என்பதால் எப்படியும் அவர் கையெழுத்து வேண்டும். நாளை பாகப் பிரிவினை என்று வந்தால் பேனலும் மாடி இடமும் யாருக்கு என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாடி பொது, ஆனால் மிச்சம் கீழ்வீட்டுக்கு மட்டும் என்றால் பின்னால் மனத்தாங்கல் வரும். மாடி வீட்டுக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தொகை என்று பேசி முடிப்பது சுலபம்.

மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் ஆக, அதாவது உள்ளிருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் "டிசிஆர்" என்ற சொல், பேனல் மாடல், இன்வெர்ட்டர் மாடல் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பேனல் வந்து இறங்கியதும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் போட்டோ எடுத்துச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைந்த கொள்ளளவோ அதற்குத்தான் மானியம். 5 பேனலுக்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டிவிட்டு "3 கிலோவாட்" என்று பில் போட்டால் அது 2.7-தான்.

உங்களுக்கு வந்த விலையில் ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 13.8 இருந்தது 8.9 ஆகிவிட்டது. 13.8 என்று இருந்தால் பழைய தாள், மாற்றிக் கேளுங்கள்.

---

டெல்டாவாசி:

13.8 என்றுதான் இருக்கிறது! கேட்கிறேன். கடைசியாக ஒன்று. எல்லாம் மாட்டி முடித்தபின் ஈபி மீட்டர் மாற்ற நாளாகும் என்கிறார்கள். அதுவரை ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

---

மின்பணி_திருச்சி:

கூடாது. இப்போது இருக்கும் மீட்டருக்கு மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெளியே போவதையும் நீங்கள் எடுத்ததாகவே கூட்டிவிடும். பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் 8 யூனிட் வெளியே போனால், 8 யூனிட்டுக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும், மேல்படி விலையில். பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரை ஆஃப் செய்து வைத்துவிடுங்கள். இருவழி மீட்டர் மாட்டி, ஈபி ஆள் வந்து பார்த்து, இம்போர்ட் (நீங்கள் எடுத்தது), எக்ஸ்போர்ட் (வெளியே போனது) இரண்டின் தொடக்க எண்ணையும் போட்டோ எடுத்தபின் ஆன் செய்யுங்கள்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் தூசி படியும். போர் தண்ணீரால் கழுவாதீர்கள், உப்புப் படிந்து வெள்ளையாகக் கறை நிற்கும். மழைநீரோ ஆர்ஓ கழிவு கலக்காத நல்ல நீரோ போதும், சோப்பு வேண்டாம். வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்குள். கண்ணாடி சுட்டபின் தண்ணீர் ஊற்றக் கூடாது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு தடவை, மற்ற நாளில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. காக்கை எச்சத்தை மட்டும் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். அது ஒட்டிய செல் சூடாகி, நாளடைவில் பின்பக்கம் பழுப்பாகும்.